சமையலறைச் சுவரில் வந்த வெளிச்சம்

அன்புள்ள மருமகளுக்கு உன் அத்தை எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் என் கையெழுத்தின் சாய்வைப் பார்த்தே நான் என்ன மனநிலையில் இருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுகிறவள் நீ. அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீயும் பாப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். முன்பல் ஆடுகிறது என்றாளே, விழுந்துவிட்டதா? நூல் கட்டி இழுக்கிறேன் பேர்வழி என்று யாரையும் கிட்டே விடாதே. தானாக விழட்டும்.

உன் கடிதம் மழை தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டது. படித்துவிட்டுத் தையல் மெஷின் டிராயருக்குள் போட்டு மூடினேன். பாபின் எடுக்க டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். நான் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். எழுதினால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் இருக்கிறது.

முதலில் ஊர் விஷயம். மழை வந்தது, தெரு முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். நகராட்சி ஆட்கள் வந்து பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். தபால் ஆபீஸைப் பஸ் நிலையத்து மாடிக்கு மாற்றிவிட்டார்கள். பென்ஷன் வாங்கும் கிழடுகளெல்லாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சுவிட்டு ஏறுவதைப் பார்த்தால் யாரோ வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஐஸ் ஃபேக்டரியில் பாதி ஆட்களை நிறுத்திவிட்டார்கள். மாடி வீட்டம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து மகள் வீட்டோடு போய்விட்டாள். அவள் வளர்த்த பூனை இப்போது நம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. நான் ஒன்றும் போடுவதில்லை என்று உன் மாமா சத்தியம் செய்கிறார். பூனை மட்டும் நாளுக்கு நாள் பெருக்கிறது.

பெரிய ஜவுளிக்கடையையும் மூடிவிட்டார்கள். முதலாளி போனதும் பிள்ளைகள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆளுக்கொரு பூட்டு, ஒரே ஷட்டரில். கோர்ட்டு முடிகிறவரை திறக்க முடியாதாம். பள்ளிக்கூட யூனிஃபாரம் தைக்கும் வேலை எனக்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பது உனக்குத் தெரியும். இப்போது அக்கம்பக்கத்தில் இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பதும் பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவதும்தான் என் தொழில். ஊரில் யாரும் பெருக்கிற மாதிரியும் இல்லை.

இனி நீ கேட்ட விஷயம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். கலங்கரை விளக்கத்துச் சுவரில் என் பிள்ளையின் பெயரை எழுத நான் சம்மதிக்க மாட்டேன்.

நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பெயர் அந்தச் சுவரில் ஏறினால்தான் துறைமுக ஆபீஸில் கோப்பை மூடுவார்கள். கோப்பை மூடினால்தான் இறந்துவிட்டான் என்று காகிதம் தருவார்கள். பெற்றவர்கள் நேரில் போய் வாயால் சொன்னால்தான் பெயர் ஏறும். அங்கே அதுதான் வழக்கம். உன் மாமா, நீ சொல்லாமல் நான் சொல்ல மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். ஆக எல்லாம் என் ஒரு வாயில் வந்து நிற்கிறது. இந்த வாயைப் பற்றி நீ எவ்வளவோ குறைப்பட்டிருக்கிறாய். இந்த ஒரு விஷயத்தில் அது திறக்காது.

படகில் நாலு பேர் போனார்கள். புயல் ஓய்ந்த பிறகு கிடைத்தது ஒரு பலகை, ஒரு டீசல் கேன். அதை வைத்துக்கொண்டு மற்ற மூன்று வீடுகளிலும் அழுது முடித்துப் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். முதலில் கொடுத்தவள் வளைவு வீட்டுக்காரி. படகை ஓட்டியவனைப் பெற்றவள். தன் பிள்ளை போய்விட்டான் என்று அவளே சொன்னதால்தானே என் பிள்ளையும் போனவன் கணக்கில் சேர்ந்தான்? அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. எதிரில் வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். நாலு வருஷமாகத் தெருவின் மறுபக்கத்திலேயே நடக்கிறேன். பலகை என்பது படகு ஆகாது, படகு என்பது என் பிள்ளை ஆகாது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். நீ எழுதவில்லை, பாப்பா சொன்னாள். போன மாதம் போனில், வேன் மாமா சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார் பாட்டி என்றாள். எந்த வேன் மாமா என்று கேட்டேன். அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேன் ஓட்டுகிறவர், விழாமல் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடி வருவார் என்றாள். குழந்தைக்கு என்ன தெரியும்? சந்தோஷமாகச் சொன்னாள். அன்று முழுக்க உன் மாமாவிடம் எரிந்து விழுந்தேன். அந்த ஆள் யார், எப்படிப்பட்டவன் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ பெயரை எழுதச் சொன்னதன் காரணம் எனக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். என் பிள்ளைக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள். அதில் மாற்றம் இல்லை.

நம் சமையலறை ஜன்னல் உனக்கு ஞாபகம் இருக்கும். உயரத்தில், கைக்கு எட்டாமல், ஆகாயத்துக்குத் திறந்திருக்கிற ஜன்னல். அதன் வழியாகக் கலங்கரை விளக்கத்து வெளிச்சம் வந்து எதிர்ச் சுவரில் ஒரு சுற்று சுற்றிப் போகும். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். இங்கே தொட்ட வெளிச்சம் அடுத்த நிமிஷம் அவன் இருக்கிற பக்கம் போய்த் தொடும் என்று எனக்கு ஒரு நிம்மதி. நீங்கள் இங்கே இருந்தபோது, வெளிச்சம் படுக்கைவரை வருகிறது, பாப்பா தூங்க மாட்டேன் என்கிறாள், ஜன்னலுக்குத் திரை போடலாம் என்று நீ கேட்டதும், நான் ஆடிய ஆட்டமும் உனக்கு மறந்திருக்காது.

அந்த வெளிச்சம் சில வாரங்களாக வரவில்லை. அணைத்துவிட்டார்களா, விளக்குக்காரர் தூங்குகிறாரா தெரியவில்லை. ஏற்கெனவே அந்த மனிதர் சரியில்லை, ஊர் அடங்கியதும் நிறுத்திவிடுவார். கேட்க ஆள் இல்லை என்ற தைரியம். இப்போது அடியோடு நிறுத்திவிட்டார். பழைய கட்டிடம், நூறு வருஷத்துக்கு மேலாயிற்று, எல்லோரும் பார்க்க வேண்டியது என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுஜனங்களை மேலே விடுகிறார்களாம். இந்த வாரம் நான் போகிறேன். முட்டி வலித்தாலும் பரவாயில்லை. ஏறிப் போய் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இறங்குவேன்.

கோபத்தில் எழுதிய கடிதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாப்பாவின் கன்னத்தில் நான் கொடுக்கச் சொல்லும் முத்தத்தில் கோபம் இல்லை. அதை அப்படியே கொடு.

இப்படிக்கு,
உன் அத்தை


அன்புள்ள மகளுக்கு,

முந்தைய கடிதம் உனக்குக் கிடைத்திருக்கும். கிடைக்காமல் போயிருந்தால் நல்லது. மாடியில் இருக்கிற தபால் ஆபீஸுக்கு ஏறி, போட்டதைத் திருப்பித் தர முடியுமா என்றுகூடக் கேட்டேன். பெட்டியில் விழுந்தது விழுந்ததுதான் என்றாள் அங்கே இருந்த பெண்.

ஞாயிற்றுக்கிழமை கலங்கரை விளக்கத்துக்குப் போனேன். வருகிறீர்களா என்று உன் மாமாவைக் கேட்டேன். காது கேட்காத மாதிரி பூனையைத் தடவிக்கொண்டிருந்தார். தனியாகத்தான் போனேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது, அந்தக் கட்டிடத்தின் வாசலைத் தாண்டியதில்லை. உள்ளே ஈரச் சுண்ணாம்பும் பழைய எண்ணெயும் கலந்த ஒரு வாடை. ரிட்டயரான பூகோள டீச்சர் ஒருவர் கையில் குச்சியோடு நின்று, எந்தக் காலத்தில் கட்டியது, கல் எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் போட்டோ எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார், பாவம்.

கீழ் அறையில்தான் அந்தப் பெயர்ச் சுவர். நான் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டுதான் நுழைந்தேன். ஆனால் அங்கே வளைவு வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஈரத்துணி. கடல் காற்றுக்குச் சுவரில் உப்புப் பூக்குமாம், எழுத்தை அரித்துவிடுமாம், அதனால் அவள் வாராவாரம் வந்து துடைக்கிறாள் என்று டீச்சர் சொன்னார். சாம்பல் நிறச் சுவர், வெள்ளை எழுத்து. நம் பிள்ளை போன படகின் பெயருக்குக் கீழே ஒரு பெயர், இரண்டாவது பெயர், அப்புறம் ஒரு வெற்றிடம், அதற்குக் கீழே கடைசிப் பெயர். வரிசையை நெருக்கி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, என் பிள்ளைக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் பிள்ளையின் பெயரைத் துடைத்தாள், அடுத்த பெயரைத் துடைத்தாள், பிறகு ஒன்றுமே எழுதாத அந்த இடத்தையும் அதே மாதிரி, ஓரம்வரை, பொறுமையாகத் துடைத்தாள். சத்தம் காட்டாமல் படியேறிவிட்டேன்.

படி என்றால் படி, சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். சின்ன வயசுக்காரர்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள். ஒரு பெண், பாட்டி முடியலைன்னா இறங்கிடுங்களேன் என்றாள். நான் சண்டை போடப் போகிறேன், சண்டைக்குப் போகிறவளுக்குக் களைப்பு தெரியாது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

மேலே கண்ணாடிக் கூண்டு. நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு பெரிய லென்ஸ், வளையம் வளையமாக. அதைச் சுற்றித் திரை போட்டு மூடியிருந்தது. விளக்குக்காரர் நான் நினைத்த மாதிரி தூங்குமூஞ்சி இல்லை. ஒல்லியான, மரியாதையான மனிதர். பகலில் இந்தத் திரையைத் திறந்து வைக்கக் கூடாதாம். வெயில் லென்ஸ் வழியாகப் போய் ஒரே இடத்தில் குவிந்து தீப்பிடித்துவிடுமாம். திரை தாறுமாறாகக் கிழிந்து, யாரோ தடித்த ஊசியால் கோணலாகத் தைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. தையலைக்கூட ஒழுங்காகச் செய்யாத இடத்தில் விளக்கு எப்படி ஒழுங்காக எரியும்?

நேரடியாகவே கேட்டேன். "என்னங்க, சம்பளம் வாங்குறீங்க, விளக்கை ஏன் நிறுத்திட்டீங்க? எங்க வீட்டுப் பக்கம் வெளிச்சமே வரல. கடல்ல இருக்கிறவங்க என்ன செய்வாங்க?" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கு ஒரு நாளும் நின்றதில்லை என்றார். நான் விடவில்லை. ஊர் அடங்கியதும் நிறுத்துவது எனக்குத் தெரியும், நாலு வருஷமாகப் பார்க்கிறேன், இப்போது சுத்தமாகவே இல்லை என்று கத்தினேன். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். என்னைக் கூண்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே கண்ணாடி தெரியவில்லை. இருந்த கண்ணாடியை மறைத்துத் தகரம் அடித்துக் கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. ஆணிகள் எல்லாம் துரு ஏறி, தகரத்தோடு ஒன்றாகிப் போயிருந்தன. "இந்தப் பக்கம் வெளிச்சம் போனதே இல்லம்மா. நான் வேலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அடிச்சது. ஊருக்கு எதுக்கு இந்த வெளிச்சம்? ஜனங்க தூங்க வேணாமா? இது கடலுக்கு மட்டும்தான்" என்றார்.

அப்படியானால் என் சுவரில் சுற்றியது என்ன என்று கேட்டேன். எப்போது வரும், எப்போது நிற்கும் என்று விசாரித்தார். பிறகு வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டினார். ஊர் முழுக்கக் கீழே கிடந்தது. நம் தெரு, நம் ஓட்டுக் கூரை, சமையலறைப் பக்கம் அந்தச் சின்ன ஜன்னல். அதற்கு நேர் எதிரே, இரண்டு தெரு தள்ளி, ஜவுளிக்கடையின் மொட்டை மாடி. மாடி மேலே இரும்புக் கூண்டுக்குள் ஒரு சுழல் விளக்கு. கடைக்கு ஆள் வரட்டும் என்று விளம்பரத்துக்கு வைத்தது. கடை சாத்தியதும் அணைப்பார்கள், இப்போது கடையே பூட்டிக் கிடக்கிறது, அதுதான் எரியவில்லை என்றார். எந்த வருஷம் வைத்தார்கள் என்று கேட்டேன். நாலு வருஷம் இருக்கும் என்றார்.

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது போல ஆயிற்று. அதற்கு முன் அந்தச் சுவரில் வெளிச்சம் வந்ததா என்று எனக்கே தெரியாது. அதற்கு முன்பெல்லாம் நான் படுத்தால் தூங்குகிறவள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு என்ன அவசியம் இருந்தது? உட்காரத் தொடங்கிய பிறகு வந்த வெளிச்சத்தைப் பார்த்து, எப்போதும் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டேன். துணி விற்க வைத்த விளக்கு, மகளே. தள்ளுபடி, தள்ளுபடி என்று கூவுகிற விளக்கு. அதைப் போய் என் பிள்ளையைத் தொட்டுவிட்டு வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காக உன் குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருந்தேன்.

அழுகை வந்தது. அவர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் யார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது போல. கீழே அந்த வெற்றிடம் உங்க மகனோடதா அம்மா என்றார். ஆமாம் என்றேன். அப்போதும் எனக்கு ஒரு ஆசை விடவில்லை, பார். அந்தப் புயல் அன்றைக்காவது இந்த விளக்கு அணைந்திருந்ததா என்று கேட்டேன். அணைந்திருந்தால் அவன் வழி தெரியாமல் வேறு கரைப் பக்கம் போயிருப்பான், எங்கேயாவது ஒரு ஊரில் இருப்பான் என்று நினைக்கலாம் அல்லவா? அவர் அணைந்தது என்று சொல்லியிருந்தால் நான் அவரைக் கும்பிட்டிருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும். கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார், "எரிஞ்சுதும்மா. நான்தான் இருந்தேன். விடிய விடிய எரிஞ்சுது. பொய் சொல்ல மனசு வரல."

கடலைப் பார்த்தேன். கரையில் நின்று பார்த்தால் கடல் ஒரு கோட்டில் முடிகிற மாதிரி தெரியும். படகு அந்தக் கோட்டைத் தாண்டினால் மறைந்துவிடும். அவன் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறான் என்று இத்தனை நாளும் எனக்குள் ஒரு எண்ணம். மேலே இருந்து பார்த்தால் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் தெரிகிறது. அங்கேயும் தண்ணீர்தான். அதற்கப்பாலும் தண்ணீர்தான். ஒரு திட்டு இல்லை, ஒரு மரம் இல்லை. இவ்வளவு பெரிசா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், ஆமா பாட்டி, சூப்பரா இருக்குல்ல என்றார்.

இறங்கி வந்தபோது வளைவு வீட்டுக்காரி துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வழி விட்டு ஒதுங்கினாள். தெருவின் மறுபக்கம் போக அங்கே தெரு இல்லை. கையை நீட்டித் துணியை வாங்கினேன். அவள் பிள்ளையின் பெயரை நான் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த சுவர்தான், இருந்தாலும் துடைத்தேன். அவள் என் முதுகில் கை வைத்தாள். வெளியே வந்து அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம். அதைச் சொல்லவும் சொன்னேன். நாலு வருஷத்துக்குப் பிறகு அவளோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

வீட்டுக்கு வந்து உன் மாமாவிடம், அது ஜவுளிக்கடை விளக்காம், உங்களுக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். பூனையிடமிருந்து கையை எடுக்காமல் சொன்னார். எப்போதிலிருந்து தெரியும் என்றேன். கடைக்காரன் அதை மாட்டின அன்றைக்கே கீழே நின்று பார்த்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த டம்ளரைத் தரையில் வீசினேன். ஏன் சொல்லவில்லை, என்னைப் பைத்தியக்காரி மாதிரி உட்கார வைத்து வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் டம்ளரை எடுத்து வைத்துவிட்டு, "அது சுத்தும்போதுதான் நீ கொஞ்சம் கண்ண மூடினே. அதையும் பிடுங்கச் சொல்றியா?" என்றார். காது கேட்காது என்று பெயரெடுத்த மனிதர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்புறம் அவரும் அழுதார். அவன் போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் இரண்டு பேரும் துறைமுக ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த பெண் அதிகாரி உட்காரச் சொன்னாள். வாயால் சொல்ல வேண்டும் என்றாள். என் பிள்ளை கடலுக்குப் போனான், திரும்பவில்லை, இனி வர மாட்டான் என்று சொன்னேன். கடைசி இரண்டு வார்த்தைக்கு மட்டும் குரல் வரவில்லை. உன் மாமா சேர்ந்து சொன்னார். அவள் எங்கள் இரண்டு பேர் குரலையும் சேர்த்து ஒன்றாக எடுத்துக்கொண்டாள். நல்ல பெண்.

போர்டு எழுதும் பெயிண்டர் வியாழக்கிழமை வந்தார். நான் கூடவே நின்றேன். முதல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதச் சொன்னேன், பள்ளிக்கூட நோட்டில் அவன் அப்படித்தான் எழுதுவான். மற்ற மூன்று பெயரும் மங்கியிருக்க, புதுப் பெயிண்ட் ஆனதால் இவன் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. எங்கே போனாலும் எல்லோருக்கும் கடைசியாக, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பானே, அந்த மாதிரி. நீ அதற்காக அவனைத் திட்டுவாய். உப்புக் காற்று பட்டால் இதுவும் மங்கிவிடும் என்றார் பெயிண்டர். வாராவாரம் துடைக்க இனி இரண்டு பேர் இருக்கிறோம்.

காகிதம் கையில் வந்துவிட்டது. பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். வாங்கும்போது தனியாக இருக்காதே, யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்.

லென்ஸுக்குத் திரை தைக்கும் வேலையை விளக்குக்காரர் எனக்கே கொடுத்திருக்கிறார். அந்தக் கோணல் தையலை நான் பார்த்த பார்வையிலேயே தெரிந்துகொண்டாராம். தடித்த கறுப்புத் துணி, ஒரு பொட்டு வெயில்கூட உள்ளே போகாது. வெட்டியதில் மிச்சம் இருந்ததை ஜன்னல் அளவுக்குத் தைத்து இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். பாப்பா படுக்கிற அறைக்கு மாட்டு. தெரு விளக்கு உள்ளே வருகிறது என்று எப்போதோ சொன்னாயே. நன்றாகத் தூங்கட்டும். நீயும் தூங்கு.

பார்சலில் பாப்பாவுக்கு ஒரு கவுன் இருக்கிறது. சைக்கிள் சக்கரத்தில் மாட்டாத நீளம். உனக்கும் ஒரு சுடிதார் தைத்திருக்கிறேன். இலைப்பச்சை. நாலு வருஷமாக நீ சாம்பலும் பழுப்புமாகவே உடுத்துகிறாய். அந்த நிறங்கள் உனக்கு ஒரு நாளும் எடுத்ததில்லை, நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் பழைய அளவில் தைத்தேன். இளைத்திருப்பாய், பக்கவாட்டில் பிடித்துக்கொள். அலமாரியில் வைத்துப் பூட்டுவதற்காக அனுப்பவில்லை. நல்ல நாள் ஒன்று வரும், அன்றைக்கு உடுத்திக்கொள். வருகிற நாளை நல்ல நாளாக ஆக்கிக்கொள்வது உன் கையில் இருக்கிறது. பயப்படாதே. என் ஆசீர்வாதம் உனக்கு முழுசாக உண்டு.

துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் அவன் சட்டை அளவைச் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தேன், உனக்குத் தெரியும். மேஜையைத் துடைக்கும்போதுகூட அந்த ஓரத்தை விட்டுவிட்டுத் துடைப்பேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை, வராது. ஆனால் மேஜையின் எதிர்ப்பக்க ஓரம் காலியாகத்தான் இருக்கிறது.

அதனால் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. ஓடுகிற சைக்கிளை விழாமல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும். வேன் மாமாவின் சட்டை அளவை எழுதி அனுப்பு. தோள், மார்பு, கை நீளம். கழுத்தையும் மறக்காமல் எடு.

என்றும் உன் அத்தை